சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

“ஆயில் ஒழுகுதுன்னா உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம்” என்பது பழைய அம்பாசடர்காரர்களின் வேதம். 2014-இல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தியே நின்றுவிட்டது, ஒழுகல் நிற்கவில்லை. பெண்ணாடத்தில் நிறுத்தினால் தரையில் ஒரு வட்டம், விருத்தாசலத்தில் இன்னொன்று. உடனே ஆயில் பேன் கேஸ்கெட்டை மாற்றுவார்கள். பாவம், சொட்டுவதுதான் அங்கே. கசிவது பெரும்பாலும் மேலே. எண்ணெய் கீழிறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே எஞ்சினைத் துடைத்துக் காயவைத்து, சற்று ஓடவிட்டு, டேப்பட் கவரிலிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். புது ஈரம் மிக உயரத்தில் தெரியும் இடமே குற்றவாளி. பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எத்தனை கேஸ்கெட் போட்டாலும் பிதுங்கும். அந்தக் குழாயைக் கழுவக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும்.

“கெட்டி ஆயில் ஊற்றினால் நிற்காதா?” குறையலாம், நிற்காது; காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பாகங்களுக்கு ஆயில் போய்ச்சேரத்தான் தாமதமாகும். “அது பிறவிக் குணம்” என்பதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயை உள்ளே திருப்பும் மரைதான். அங்கே ஓரிரு சொட்டு விழுந்தால் அடியில் ஓர் அட்டையைப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.