உருப்பெருக்கி லென்ஸ் மாற்றீடு: சொடுக்கெண்ணிக்கையை முன்வைத்து ஓர் ஆய்வு

உருப்பெருக்கி எனப்படுவது, ஸ்டுடியோக்காரர் நாவில் என்லார்ஜர் என வழங்குவது, நெகட்டிவைத் தன் தலைக்குள் வைத்து, அதனூடே விளக்கொளியைச் செலுத்தி, அடியிலுள்ள லென்ஸின் வழியாகப் பலகைமேல் விரித்த ஒளியுணர் தாளில் பெரிய படமாக விழச்செய்யும் இருட்டறைக் கருவியாகும். அதன் தலையும் தூணும் பலகையும் ஒரு தலைமுறையைத் தாண்டியும் உழைப்பவை. மாற்றம் வேண்டி நிற்பது லென்ஸே. அம்மாற்றத்துக்குரிய காரணங்கள் பூஞ்சை பற்றுதல், கைதவறி விழுதல், முதலிலேயே மட்டமானதை வாங்கியிருத்தல், இரவல் கொடுத்தல் என நான்கு என்ப. நான்காவது விளக்கம் வேண்டாதது. மாற்று லென்ஸைத் தேரும் முறை பற்றி எழுதப்பட்டவை ஏராளம் எனினும், எழுதியோருள் பலருடைய விரல்களில் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசலின் வாடை சிறிதும் வீசாமையால், இப்பொருளை முதலிலிருந்து ஆராய வேண்டிய தேவை எழுகிறது.

முதற்கண் ஆராயத்தக்கது குவியத்தூரம். தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு தூரத்தில் ஒன்றுகூட்டுகிறதோ அதுவே குவியத்தூரம். அது நெகட்டிவின் மூலைவிட்டத்துக்கு ஏறத்தாழச் சமமாகவோ மிகுந்தோ இருத்தல் வேண்டும் என்பது விதி. 35 மி.மீ. சுருளில் ஒரு படம் 24க்கு 36 மி.மீ. ஆதலால், மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ.; அதற்கு 50 மி.மீ. லென்ஸ் பொருந்தும். 56க்கு 56 மி.மீ. அளவுள்ள சதுர நெகட்டிவுக்கு மூலைவிட்டம் 79 மி.மீ. ஆகவே 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் வேண்டும். இவ்விதியை மீறிப் பெரிய நெகட்டிவுக்கு 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும் என எழுதியோர் உளர். அவர்கள் காமிரா பற்றிய நூல் ஒன்றிலிருந்து அவ்வாக்கியத்தைப் பெயர்த்துக்கொண்டனர் என்பதை ஐயமின்றி நிறுவலாம். ஏனெனில் நெகட்டிவிலிருந்து அச்சிடும்போது ஒளி குறைந்த இடம் தாளில் வெளுக்குமே அன்றிக் கறுக்காது. மாறாக, சிறிய நெகட்டிவுக்கு 80 மி.மீ. லென்ஸை மாட்டினால் பிழையேதும் இல்லை, உயரம் ஒன்றைத் தவிர. எட்டு மடங்கு பெருக்க 50 மி.மீ. லென்ஸ் தாளிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் நிற்க, 80 மி.மீ. லென்ஸோ 72 செ.மீ. ஏற வேண்டும். தூண் அதற்குள் முடிந்துபோனால், கருவியின் தலையை மேசைக்கு வெளியே திருப்பி, அடிப்பலகைமேல் அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றி, தாளைத் தரையில் விரித்து, அச்சிடுபவர் குப்புறப் படுத்துக் குவியம் பார்ப்பது ஒன்றே வழி. இது நூல்களில் இல்லை, ஸ்டுடியோக்களில் உண்டு.

அடுத்தது கண்ணாடிகளின் எண்ணிக்கை. டென்னிஸ் டெய்லர் 1893இல் அமைத்துக் காட்டிய மூன்று கண்ணாடி அமைப்பும், சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902இல் அமைத்த டெஸ்ஸார் என்னும் நான்கு கண்ணாடி அமைப்பும், பின்வந்த ஆறு கண்ணாடி அமைப்பும் ஆக மூன்று குலங்கள் இத்துறையில் உள. ஷ்னைடர் நிறுவனம் இவற்றுக்கு முறையே கொம்பொனார், கொம்பரான், கொம்பொனான் எனப் பெயரிட்டு வாங்குவோரின் நினைவாற்றலைச் சோதித்தது. ரோடன்ஸ்டாக் டிரினார், இஸரோன், ரோடகோன் எனப் பெயரிட்டு ஓரளவு இரக்கம் காட்டியது. நிக்கானோ பின்னிரண்டையும் எல் நிக்கோர் 50 என்றே அழைத்து, லென்ஸின் முழுத்திறப்பு அளவு எஃப் 4 என்றால் நான்கு கண்ணாடி, எஃப் 2.8 என்றால் ஆறு கண்ணாடி என்பதை வாங்குவோரே அறிந்துகொள்ளட்டும் என விட்டுவிட்டது. ஆறு நான்கினும் சிறந்தது, நான்கு மூன்றினும் சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும் துளையை எஃப் 8க்குச் சுருக்கி, பத்துக்கு எட்டு அங்குலத் தாளில் அச்சிடுங்கால், நான்குக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு மூலைகளிலேயே ஒதுங்கிக் கிடக்கும். கல்யாண வரவேற்புப் படங்களிலோ மூலைகளில் இருப்பது ஜிகினாத் திரை. அத்திரையின் சரிகையை உருப்பெருக்காடி கொண்டு ஆராய்ந்து, நடுவில் மணமகள் கண்மூடி நிற்பதைக் காணத் தவறிய ஆய்வுமுறைக்கு இத்துறையில் இன்றும் செல்வாக்குக் குறையவில்லை.

லென்ஸை மாட்டும் மரைத்திருகு பெரும்பாலும் 39 மி.மீ. விட்டமும் அங்குலத்துக்கு 26 புரியும் உடையது; லைகா காமிராவிலிருந்து வந்தது; பொருந்தாவிட்டால் இணைப்பு வளையம் வாங்குக.

இனிச் சொடுக்கு. சொடுக்காவது யாதெனின், லென்ஸின் துளையைச் சுருக்கும் வளையத்தைத் திருகுங்கால், படிக்கொன்றாய் விரலுக்குத் தட்டுப்பட்டுக் காதுக்கும் கேட்கும் சிறு தடையாகும். 2.8, 4, 5.6, 8, 11, 16 என ஏறிச்செல்லும் எண்களில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் ஒளியில் பாதியையே உள்ளே விடும். குவியம் பார்க்கும்போது துளையை முழுதும் திறந்து வைப்பதும், அச்சிடும்போது இரண்டு மூன்று படி சுருக்குவதும் வழக்கு. சுருக்கும் நேரத்தில் அறையில் எரிவது சிவப்பு விளக்கு. லென்ஸின் எண்களோ எறும்பின் காலளவு. பிற்கால லென்ஸ்களில் எண்ணுக்கு உள்ளிருந்தே ஒளி தரும் சாளரம் அமைந்தது எனினும், பழைய லென்ஸ்களில் எண்ணைப் படிக்க இயலாது, எண்ணவே இயலும். எண்ணத் தொடங்கும்போதுதான் தத்துவச் சிக்கல் பிறக்கிறது: முழுத்திறப்பு எண்ணிக்கையில் சேருமா, சேராதா?

சேராது என்போர் சுழியர். சேரும் என்போர் ஒன்றர். ஒலி எழாத இடத்தில் சொடுக்கு நிகழவில்லை ஆதலின் முழுத்திறப்பு சுழியே என்பது சுழியர் வாதம். பேருந்தில் ஏறிய நிறுத்தத்தையும் கண்டக்டர் ஒரு ஸ்டேஜாகக் கொள்வதுபோல் விரல் நின்ற இடமும் ஒன்றே என்பது ஒன்றர் மறுப்பு. எஃப் 4 லென்ஸில் "மூணு கிளிக் தள்ளுப்பா" என ஒன்றராகிய மாஸ்டர் எஃப் 8ஐ எண்ணிச் சொல்ல, சுழியராகிய உதவியாளர் எஃப் 11இல் கொண்டுபோய் நிறுத்துவார், ஒளி பாதியாகும், மாப்பிள்ளை முகம் ஒரு படி வெளுக்கும். இப்பிழையை மாப்பிள்ளை வீட்டார் எவரும் முறையிட்டதில்லை ஆதலின் அது நெடுங்காலம் கண்டறியப்படாதிருந்தது. மாஸ்டர் சுழியராகவும் உதவியாளர் ஒன்றராகவும் அமைந்த ஸ்டுடியோக்களில்தான் தகராறு எழுந்தது.

இச்சிக்கலைத் தீர்க்கவல்ல மூலச்சான்றாகக் கருதப்படுவது, ஸ்டுடியோ ஒன்றின் இருட்டறைச் சுவரில் சுவிட்சுக்கு அருகே பென்சிலால் எழுதப்பட்ட "மு.சொ. 12" என்னும் தொடராகும். ஹைப்போ தெறித்துச் சுழி அழிந்தமையால் முதலெழுத்து குறிலா நெடிலா என்பது விளங்கவில்லை. நெடிலெனக் கொண்ட உரைகாரர் "மூன்று சொடுக்கு, 12 வினாடி" எனப் பொருள் கண்டார். குறிலெனக் கொண்டவர் "முதற் சொடுக்கு" என்றார். அரைப்படிக்கு ஒரு சொடுக்குடைய லென்ஸ்களை அறிந்த மூன்றாமவர், அரைச்சொடுக்கினின்று பிரித்தறியவே "முழுச்சொடுக்கு" என எழுதப்பட்டது என நுட்பம் காட்டினார். சொற்களை எங்கிருந்தும் எடுத்து எங்கும் கூட்டிப் பொருளுரைக்கும் நச்சினார்க்கினியர் மரபில் வந்த நான்காமவரோ, 12 என்னும் எண்ணைப் பெயர்த்துச் சென்று நான்கு விரற்கடை கீழே உள்ள பால் கணக்கோடு கூட்டி, எஞ்சிய "மு.சொ." என்பதை "முதலாளி சொன்னது" என விரித்து, இத்தொடர் ஒளிப்படக் கலையைப் பற்றியதே அன்று என முடித்தார். இம்முடிவை மறுத்து எழுந்தவை பல. மறுப்புக்கு மறுப்பாக எழுந்தவை அவற்றினும் பல. அவற்றுள் பெரும்பாலானவை, பதிவுக் கட்டணம் செலுத்தினார்க்கு மதிய உணவும் சான்றிதழும் வழங்கும் கருத்தரங்குகளின் தொகுப்பு மலர்களில் இடம்பெற்று, ஒன்றையொன்று மேற்கோள் காட்டி, ஒன்றின் எழுத்துப்பிழையை மற்றொன்று போற்றிக் காத்து வருகின்றன. அவ்வெழுத்துப்பிழைகளுள் ஒன்று 12ஐ 21 ஆக்கிற்று. அதன்மேல் தனியே ஓர் ஆய்வேடு எழுந்து பட்டமும் பெற்றது. சுவரை நேரில் சென்று பார்க்க ஒருவர் முற்பட்டபோது, அதன்மேல் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்பைப் பிற்கால இடைச்செருகல் என அவர் வகைப்படுத்தினார்.

இவ்வளவும் முழுப்படியில் தொடங்கும் லென்ஸ்களைப் பற்றியது. எஃப் 3.5இல் தொடங்கும் லென்ஸில் முதற் சொடுக்கு 4க்குச் செல்வதால் அது அரைப்படிக்கும் குறைவு, எஃப் 4.5இல் தொடங்குவதில் முதற் சொடுக்கு 5.6க்குச் செல்வதால் அரைப்படியைச் சற்றுத் தாண்டும். இவற்றைச் சுழி என்பதா, ஒன்று என்பதா, இடைப்பட்ட பின்னம் என்பதா என்னும் வினாவால் இரு பள்ளியும் உடைந்து பின்னர் எனும் மூன்றாம் பள்ளி தோன்றியது. அதன் உறுப்பினர் எண்ணிக்கையும் முழு எண்ணாக அமையவில்லை என ஒன்றர் எள்ளுவர்.

மாற்று லென்ஸ் வாங்குவோர்க்கு இவையனைத்திலும் பயன்படுவது ஒன்று உண்டு. மேற்சொன்ன நூல்களில் இல்லாததும் அதுவே. பழைய எஃப் 4 லென்ஸில் எட்டுக்குச் செல்ல இரண்டு சொடுக்குப் பழகிய கை, அதனினும் உயர்ந்ததென வாங்கிய எஃப் 2.8 லென்ஸிலும் இரண்டே சொடுக்கித் தன்னையறியாமல் 5.6இல் நின்றுவிடும், ஒளி இரட்டிக்கும், முதல் வாரத்துத் தாள்கள் கரியாகிக் குப்பைக்குப் போகும், லென்ஸ் கெட்டதென்னும் பழி விற்றவர்மேல் விழும். அரைப்படிச் சொடுக்குடையதாயின் அதே எட்டுக்கு ஆறு சொடுக்கு வேண்டும். ஆகவே எத்தனை கண்ணாடி எனக் கேட்பதற்கு முன் எத்தனை சொடுக்கு எனக் கேட்டல் நலம்.

பூஞ்சையைப் பொறுத்தவரை, லென்ஸை முழுதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து நோக்கினால் சிலந்தி நூலெனக் கிளைத்திருப்பது தெரியும். முன்கண்ணாடியில் உள்ள தூசி படத்துக்குச் செய்யும் தீங்கு மிகச் சிறிது. பூஞ்சையோ ஒளியைச் சிதறடித்துக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும். உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' தாள் வழங்கிய காலத்தில், இரண்டாம் கிரேடுக்குப் பதில் அவ்வேறுபாட்டை மிகுத்துக் காட்டும் மூன்றாம் கிரேடு தாளைப் போட்டு இக்குறையை ஒருவாறு ஈடுகட்டினர். இருளும் ஈரமும் காற்றோட்டமின்மையும் பூஞ்சைக்கு உகந்தவை ஆதலின், அது விரும்பிக் குடியேறுவது ஒன்பது லென்ஸ் சேர்த்துப் பெட்டியில் பூட்டி, ஒன்றிலும் அச்சிடாமல், ஒன்பதையும் ஒப்பிட்டு எழுதுவோர் வீட்டில்.

தேர்ந்த லென்ஸைச் சோதிக்க, ஒளிபட்டு முழுதும் கறுத்த பிலிம் துண்டில் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நெகட்டிவின் இடத்தில் வைத்து, நான்கு மூலைகளிலும் கீறல் கூர்மையாக விழுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். மூன்று மூலை கூர்மையாயிருந்து ஒன்று மட்டும் மங்கினால் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் புறப்படுவதற்கு முன், நெகட்டிவ் தாங்கியும் லென்ஸும் அடிப்பலகையும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என ரசமட்டம் வைத்துப் பார்க்கத் தகும். குற்றம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரசமட்டத்தைப் பற்றி இத்துறையில் ஆய்வேடு எதுவும் எழவில்லை. அது கொத்தனாரிடம் இருப்பது காரணமாகலாம்.