ஜீனோவும் மழையும்

எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலைப் புதுசாக யாராவது டிவி தொடராக எடுத்துவிட மாட்டார்களா என்று, விதைப்புக்கு வானம் பார்க்கும் கரிசல்காட்டுச் சம்சாரி மாதிரி காத்துக் கிடக்கிறேன். 1980களில் ஆனந்த விகடனில் வந்த கதை. அப்புறம் தூர்தர்ஷனில் வந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அலையைப் பிடிக்க மாடியில் ஆன்டெனா திருப்பியவனுக்கு, "தெரியுதா?", "இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்பதுதான் அந்தக் காலத்து வசனம்.

ஒரு சிக்கல். கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அந்த எதிர்காலம் வந்தது, போயும் விட்டது. இனி எடுத்தால் சரித்திரத் தொடர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, கதையில் வரும் பேர்கள். நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லாமே இரண்டெழுத்து. கோவில்பட்டிப் பக்கம் குலசாமி பேர், தாத்தா பேர், அத்தை சண்டை போட்டு வைத்த பேர் எல்லாம் சேர்ந்தால் ரேஷன் கார்டில் ஒரு வரி பத்தாது.

டீக்கடையில் ஒரு அண்ணாச்சியிடம், கதையில் வரும் ஜீனோவைப் பற்றிச் சொன்னேன். "இயந்திர நாய், அண்ணாச்சி. பேசும், புஸ்தகம் படிக்கும்."

"சோறு திங்காதா?"

"திங்காது."

"பெறவு எதுக்கு நம்ம வாசல்ல கெடக்கப் போகுது?" கடலைமிட்டாயைக் கடித்தபடி யோசித்தார். "சரி, மழை எப்பன்னு சொல்லுமா?"

"தொடர் வரட்டும், கேட்டுருவோம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்போல" என்றார் அண்ணாச்சி.