வெர்மான்ட்டுக்கு எப்போது வரலாம்?

பாஸ்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அடுத்த வருஷம் நீங்களும் சித்தியும் வரும்போது வெர்மான்ட் பக்கம் கிராமத்து விடுதியில் நாலு நாள் தங்கணும், எந்த மாசம் தோது என்று கேட்டிருந்தீர்கள். ஜோசியரிடம் கேட்டால் நல்ல நாள் சொல்வார். இந்த ஊர்க்காரர்களோ ஆகாத மாசங்களைத்தான் வரிசையாகச் சொல்கிறார்கள்.

முதலில் ஏப்ரல். அதற்குச் சேற்றுப் பருவம் என்றே பெயர். மேலே பனி உருகிவிடும், அடியில் மண் உறைந்தே கிடக்கும், தண்ணீர் இறங்க வழியிருக்காது. வெர்மான்ட்டில் பாதிக்கு மேல் மண் சாலைகள் வேறு. கார் புதைந்தால் டிராக்டர்தான் கதி. விடுதிக்காரர்கள் பலர் கதவைப் பூட்டிவிட்டு, அவர்களே எங்காவது சுற்றுலா போய்விடுகிறார்கள்!

மே நடுவிலிருந்து கருப்பு ஈ. ஓடைத் தண்ணீரில் பிறக்கிற ஜாதி. கொசு நாசூக்காகக் குத்தும். இது தோலைக் கிழித்துத்தான் ரத்தம் குடிக்கும். ஜூலையில் பகல் சராசரியாக 27 டிகிரி இருக்கும். இங்கே ஜனங்கள் புழுக்கம் தாங்காமல் ஆற்றில் குதிப்பார்கள். மதுரை வெயிலில் வளர்ந்த நீங்கள் கரையில் சால்வையோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

நவம்பரில் இலையும் இல்லை, பனியும் இல்லை, வெறும் குச்சிகள். மான் வேட்டையும் அப்போதுதான். காட்டுப் பக்கம் நடக்கிறவர்கள் துப்பாக்கிக்குத் தப்ப ஆரஞ்சுச் சட்டை போடணும். உங்கள் காவி வேட்டியே போதும் என்று நினைக்கிறேன், சித்தி சம்மதிக்கணுமே. டிசம்பர் வந்தால் பனிச்சறுக்குக் கூட்டம், வாடகை ஏறும். நமக்கு அந்தச் செலவு வேண்டாம்; வாசற்படியிலேயே இலவசமாகச் சறுக்கலாம்.

மார்ச்சில் இரவு உறைந்து பகலில் இளகும்போது மேப்பிள் மரத்தில் நீர் சுரக்கும். சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பார்க்க அருமை, உங்கள் சர்க்கரை டாக்டருக்குத் தெரியவேண்டாம்.

மிச்சம் இருப்பது இலை நிறம் மாறுகிற காலம்தான். பொழுது குறையக் குறைய மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடும். உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாகும். நல்ல வெயில் பகலும் குளிர்ந்த இரவும் அமைந்தால் இன்னும் பளீரென்றிருக்கும். வடக்கிலும் மலை உச்சியிலும் செப்டம்பர் கடைசியில் தொடங்கி, அக்டோபர் நடுவில் தெற்கே இறங்கும்.

ஊரே திரண்டு வருவதும் அப்போதுதான். அக்டோபர் இரண்டாவது திங்கள் விடுமுறை. அதை ஒட்டிய சனி, ஞாயிறில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் ஓர் இரவுக்கு மட்டும் தரமாட்டார்கள். நடந்தால் கிறீச்சிடும் பழைய மரத்தரை என்றால் வாடகை இன்னும் கூடும்.

ஆகவே என் தீர்ப்பு: செப்டம்பர் கடைசி வாரம், வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலை, திங்கள் முதல் வியாழன் வரை. கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு. ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் அவசியம். விடுதியில் தருவது காலைச் சாப்பாடு மட்டும். அதுவும் தித்திப்பாக இருக்கும். இட்லிப்பொடி ஒரு டப்பா மறக்காதீர்கள். விசா கிடைத்ததும் தேதியைச் சொல்லுங்கள், அன்றைக்கே அறை போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்