எழுதாத கடகட

புதுக் கார் வாங்கியதும் நாம் செய்கிற முதல் காரியம், நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. அமெரிக்காவிலோ கோளாறோடு பிறந்து தொலைத்த காருக்கே எலுமிச்சை என்றுதான் பெயர். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார்ச் சந்தையை வைத்து 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பழம் இருக்கிறது. 2001-இல் அவர் பெற்ற நோபல் பரிசில் அதற்கும் பங்கு உண்டு. கனெடிகட் மாநிலம் 1982-இல் கொண்டுவந்த சட்டத்தையும் எலுமிச்சைச் சட்டம் என்றே சொல்கிறார்கள். ஒரே கோளாறுக்கு நான்கு முறை பார்த்தும் சரியாகவில்லை, அல்லது ரிப்பேருக்காகக் கார் மொத்தம் 30 நாள் படுத்துக் கிடந்தது என்றால், கம்பெனிக்குக் கொடுத்த வாய்ப்பு போதும் என்று அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான்கு என்று சொல்ல வேண்டுமானால் நான்கு ரிப்பேர்ச் சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் காருக்கும் மிக்ஸிக்கும் பொது. எத்தனை முறை போனால் போதும் என்று அது கணக்குச் சொல்வதில்லை. ஆகவே நமக்குச் சீட்டு இன்னும் கூடுதலாகவே தேவை.

கார் எந்த மேட்டில் எவ்வளவு கடகடத்தாலும், சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டு என்ற சீட்டில் ஏறாதவரை அந்தக் கடகடப்புக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஏறுகிற விதமும் முக்கியம். வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்த பையன் டாக்டரைக் கண்டதும் எழுந்து உட்காருவதுபோல, வழியெல்லாம் முனகி வந்த கார் சர்வீஸ் சென்டர் வாசலில் பரம சாதுவாகிவிடும். உரிமையாளர் தன் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார். “காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணி, ரெண்டாவது கியரில் மேடு ஏறும்போது, இடது முன் சக்கரப் பக்கம் கடகடங்குது” என்று சேஷ்டைகளோடு விளக்கி முடித்ததும், சர்வீஸ் அட்வைசர் இரண்டே சொல்லில் எழுதிக்கொள்வார்: ‘சத்தம் செக்.’ சாயங்காலம் அதற்கு நேராக ‘செக் செய்யப்பட்டது, சரி’ என்று இருக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. செக் பண்ணச் சொன்னீர்கள், பண்ணினார்கள். சத்தத்தை எடுக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது? வாட்டர் வாஷ் முடிந்து பளபளவென்று வந்து நிற்கிற காரில் சேறு போயிருக்கும், சத்தம் இருக்கும். பரவசத்தில் ‘முழுத் திருப்தி’ என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் குரல் போனில் கூப்பிட்டுப் பத்துக்குப் பத்து கேட்கும். அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் கைவைப்பானேன் என்று நல்ல மனதோடு பத்தும் கொடுத்துவிடுகிறோம். அதே தாராளம்தான் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பின் ஆவணமாக வந்து உட்காரும்.

ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் காரில் ஏறி மேட்டுக்கு வரப்போவதில்லை. பரிசோதித்தால் ஒழியக் குறை தெரியாது என்கிற பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டமே வழி சொல்கிறது. அப்படிச் சோதனை தேவைப்படாத வழக்குக்கு 3 மாதம், தேவைப்படும் வழக்குக்கு 5 மாதம் என்று முடிக்க வேண்டிய காலத்தையும் அது மிகுந்த நம்பிக்கையோடு குறித்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்குப் போகிற கார் அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அதைத்தான் நிபுணர் பார்ப்பார். வாங்கிய மூன்றாம் வாரமே அது முனகத் தொடங்கியது என்பதை அவருக்கு யார் சொல்வது? அந்தத் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் போட்ட சீட்டுதான். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், அந்த நாள் எது என்பதற்கும் சாட்சி அதேதான். “எழுதி என்ன பயன், 2006-இலேயே உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டதே” என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். மாருதி உத்யோக் மேல்முறையீட்டில், உத்தரவாதம் என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றித்தரவோதான், முழுக் காரையே மாற்றித்தர அல்ல என்ற நிலையை நீதிமன்றம் எடுத்தது. அதனால்தான் சீட்டின் மதிப்பு கூடுகிறது. ஒரே பாகத்தை மூன்று முறை மாற்றியும் அதே கடகட என்றால், குறை அந்தப் பாகத்துக்கு அப்பால் எங்கோ இருக்கிறது என்று வாதாட இடம் கிடைக்கும். மூன்று முறையும் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால், நீங்கள் காரின் உடம்பில் ரொம்ப அக்கறை உள்ளவர் என்பது மட்டுமே நிரூபணமாகும்.

எல்லாம்தான் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, நாம் வேறு ஏன் தனிக்கணக்கு எழுத வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குத் திருவெண்ணெய்நல்லூரில் பதில் இருக்கிறது. கல்யாணப் பந்தலில் சுந்தரரை மறித்து, “நீ எனக்கு அடிமை” என்று பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையை நீட்டிய கிழவர், சாட்சாத் சிவபெருமான். எல்லாம் அறிந்தவர், மூன்று கண்ணிலும் பார்த்தவர், சொன்னாலே போதாதா? போதவில்லை. மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்து நீட்டினார் கிழவர். சபையாரும் விபூதியைப் பார்த்து மயங்காமல், பாட்டனாரின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். கடவுளிடமே ஆவணம் கேட்ட ஊரில், கம்ப்யூட்டரை நம்பி வெறுங்கையோடு போகலாமா? அதில் இருப்பது அவர்கள் எழுதிய கதை. டீலர் கடையை மூடிவிட்டுப் போனால் அந்தக் கதையும் கூடவே போகும்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கேட்டால் சர்வீஸ் அட்வைசர் தம்பியின் முகம் சுருங்காதா என்றும் ஒரு தயக்கம் உண்டு. சுருங்கும். ஆனால் உத்தரவாதத்தில் மாற்றிய பாகத்துக்கு டீலரும் கம்பெனியிடம்தான் காசு கேட்டு வாங்க வேண்டும். அங்கே அவரிடமும் கேட்பது காகிதம்தான். அடுத்த தடவை நீங்கள் போகும்போது அதே நாற்காலியில் வேறு தம்பி இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம். இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் வேறு ஒன்று: கணக்கு எழுதினால் நம் குட்டும் சேர்ந்தே வெளிப்படும். சர்வீஸுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாமதமாகப் போனதும், மச்சானுக்குத் தெரிந்த கடையில் வயரை வெட்டிப் பெரிய ஹாரன் மாட்டியதும் தேதியோடு அதில் இருக்கும். இருக்கட்டும். வெட்டின வயரை மெக்கானிக் எப்படியும் கண்டுபிடிப்பார். ஹாரன் மாட்டுவதற்கு முன்பே கடகட இருந்தது என்று சொல்ல அந்தக் கணக்கை விட்டால் வேறு சாட்சி இல்லை.

செய்ய வேண்டிய வேலையும் பெரிதல்ல. ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். விட்ட நாள், எடுத்த நாள், இரண்டு கிலோமீட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வரும்போது, ஓட்டாமல் பக்கத்தில் இருப்பவர் போனில் மீட்டரோடு சேர்த்து வீடியோ எடுக்கட்டும். வழவழத் தாளில் வருகிற பில் ஒரு கோடையில் வெளுத்துப் போகும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு ஃபைலை டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக்கொள்கிறவர்கள்தான் இங்கே அதிகம். அடுத்த சர்வீஸுக்குக் காரை விடும்போது, சாவியோடு சேர்த்து நம் வழக்குக் கட்டு முழுவதையும் எதிர்த்தரப்பின் ஷெட்டில் ஒரு ராத்திரி தங்க விட்டுவிட்டு வருகிறோம். பெட்டியில் படியோலை மட்டும் இருக்கட்டும். மூல ஓலை வீட்டுப் பீரோவில்.