கொரியா வேரும் நம்ம பயோ வாஷும்

ஏங்கண்ணு, மேசை மேல செவப்பு டப்பா ஒண்ணு பளபளக்குதே, கொரியா ஜின்செங்காமா? ஒரு மாசச் சீட்டுப் பணத்தை அப்படியே முழுங்கிருக்கும்போல. நைட் ஷிஃப்ட் பாத்து ஒடம்பு ஓஞ்சுருச்சா? சாப்புடு சாமி. ஆனா உன்ற வயித்துக்குள்ள குடியிருக்கறவனை ஒரு வார்த்தை கேட்டியா?

அந்த வேருல சரக்குன்னு சொல்றது ஜின்செனோசைடு. அதுல ஆர்பி-1னு ஒருத்தன், நாலு குளுக்கோஸை முதுகுல கட்டிக்கிட்டு வர்றான். அத்தனை சொமையோட அவனால குடலைத் தாண்ட முடியாது. நம்ம செக்கிங் புள்ளைக பனியன்ல தொங்கற நூலை வெட்டற மாதிரி, பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியாதான் மூணு குளுக்கோஸை வெட்டிட்டு ஒண்ணை விட்டுவெக்குது. மிஞ்சறவன் பேரு காம்பவுண்ட் கே. அவன்தான் ரத்தத்துல லேசாச் சேருவான். இந்த வெட்டுக்காரப் பாக்டீரியா எல்லார் வயித்துலயும் ஒரே அளவுல இருக்கறதில்லை. நீ ராத்திரி பன்னெண்டு மணிக்குத் திங்கற பரோட்டாவுக்கு எவன் குடி வந்திருக்கானோ! அதனாலதான் பாக்டீரியாகிட்ட இருந்து பீட்டா குளுக்கோசிடேஸ்ங்கற என்சைமை எடுத்து, சில கம்பெனில தொட்டியிலயே வெட்டி முடிச்சறாங்க. வயித்தை நம்பி ஏமாற வேண்டியதில்லை.

சிரிக்காதே. உன்ற சாயப்பட்டறைல தெனமும் நடக்கறதும் இதுதான். பஞ்சுங்கறதே குளுக்கோஸ் சங்கிலி. பயோ வாஷுக்கு நீ ஊத்தற செல்லுலேஸ்ங்கற என்சைம் அந்தச் சங்கிலியைக் கடிச்சு, துணி மேல நிக்கற பிசிறை எடுக்குது. இதோட பூர்வீகம் தெரியுமா? ரெண்டாம் உலகப்போர்ல சாலமன் தீவுகள்ல அமெரிக்கப் பட்டாளத்தோட பருத்திக் கூடாரமெல்லாம் மக்கிப்போச்சு. அதைத் தின்ன பூஞ்சையைப் புடிச்சு வளத்தாங்க, டிரைக்கோடெர்மா ரீசின்னு. கூடாரம் தின்னு ருசி கண்டவன்கிட்டயே நாம பனியன் துணியைக் குடுத்து, பிசிறை மட்டும் திங்கச் சொல்றோம்!

சொன்னாக் கேப்பானா? 50, 55 டிகிரி சூடும், 5க்குப் பக்கத்துல பிஹெச்சும் குடுத்தா அவன் பாட்டுக்குத் தின்னுக்கிட்டேதான் இருப்பான். நேரம் பாத்துச் சூட்டை 80க்கு ஏத்தியோ, சோடாவைப் போட்டோ அவனை அடக்கோணும். நீ போனை நோண்டிக்கிட்டு நின்ன அன்னைக்கு என்னாச்சு? துணியோட எடை, அதான் ஜி.எஸ்.எம்., எறங்கிருச்சு, இழுத்தாத் துணி கிழியுது. அந்த லாட்டை மேனேஜர் கண்ணுல படாம எங்க ஒளிச்சேன்னு நான் கேக்கலை.

பெராக்சைடு கில்லர்னு ஊத்தறயே, அந்தக் கேட்டலேஸ் பரவாயில்லை, யோக்கியன். பிளீச்சுல மிஞ்சின பெராக்சைடைத் தண்ணியும் ஆக்சிஜனுமாப் பிரிச்சுட்டு, துணியைத் தொடாமப் போயிருவான். அலசற தண்ணியும் மிச்சம். 2011-ல நொய்யல் ஆத்தைக் காப்பாத்த ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளைப் பூட்டச் சொன்னதுக்குப் பொறவு, ஒரு குடம் மிச்சமானாலும் மொதலாளிக்குப் பல்லெல்லாம் தெரியுது.

செரி, டப்பாவைத் திருப்பு. காம்பவுண்ட் கே எத்தனை மில்லிகிராம்னு எங்கயாச்சும் போட்டிருக்கா? பொடி எழுத்துலகூட இல்லையா? படம் மட்டும் நல்லாப் போட்டிருக்கான். ஒண்ணு சொல்றேன், பாசத்துல எம் மாப்பிள்ளைக்கு, அதான் உங்கப்பனுக்கு, ரெண்டு மாத்திரை எடுத்துக் குடுத்துறாதே. அவரு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்புடறாரு, ஜின்செங் அதோட வேலையைக் கெடுத்துப்போடலாம். நீயும் டாக்டரைக் கேட்டுட்டே ஆரம்பி.

அதுவரைக்கும் டப்பா அப்புச்சிகிட்ட இருக்கட்டும். எண்ணி வெச்சுட்டெல்லாம் போகாதே.