பெல்ட் போடும் கூச்சல்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை வட்டவளையில் பழைய வேனுக்கு வேறு என்ஜின் ஏற்றி ஓட்டினார்கள்; அது பொருத்தம் பார்க்காத மறுமணம். ஓல்டர்னேட்டர் கப்பி இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கும். கினிகத்தேனை ஏற்றத்தில், மழையில், பெல்ட் ஊரைக் கூட்டும்.

"புது பெல்ட் போடுவோம் அண்ணே" என்பார் கராஜ் பாஸ். போட்டால் புதுக் குரலில் கத்தும். "கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்." இறுக்கினால் பெயாரிங் போகும்.

கப்பிகளின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து இடைவெளி பார்த்து, பிராக்கெட்டுக்குப் பின்னால் சரியான தடிப்பில் வாஷர் செருகினால் தீர்ந்தது. ஆனால் வாஷருக்கு எவ்வளவுதான் பில் போட முடியும்?