பூட்டு ஊரின் திறந்த கல்லா

திண்டுக்கல் முதலாளியை அசட்டையான ஆள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் ராத்திரி கடை சாத்துவதைப் பாருங்கள். ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, பூட்டைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கி, நாலடி நடந்து, சந்தேகம் வந்து திரும்பி, இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்த்த பிறகுதான் டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைப்பார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரின் பிள்ளை அல்லவா! (அவர் கடையில் தொங்குவது அலிகார் பூட்டாக இருக்கலாம், அந்தச் சோகத்தை இன்னொரு நாள் பேசுவோம்.) கல்லாச் சாவி இடுப்பை விட்டு இறங்காது, மச்சினன் கேட்டாலும் கிடைக்காது. இதே மனிதரின் கம்ப்யூட்டர் திரை ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு, செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும். வங்கி, ஜிஎஸ்டி, டாலி, வைஃபை என்று நான்கு வரிகள். நான்குக்கும் ஒரே பாஸ்வேர்டு: பழநி, அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. கல்லாவுக்கு மேலே படமாக நிற்கும் முருகனே கம்ப்யூட்டருக்குள்ளும் காவல். தனியாக நிற்க வேண்டாமே என்று துணைக்கு மூன்று எண்கள்.

இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இவர் சிறுமலை வாழைக்கும் எலுமிச்சைக்கும் கமிஷன் மண்டி வைத்திருப்பார், அல்லது சின்னாளபட்டிச் சேலையை மொத்தமாக எடுத்து விற்பார், அல்லது நாகல்நகர்ப் பக்கம் ஹார்டுவேர் கடை நடத்துவார். எந்தத் தொழிலானாலும் அவருடைய முதலில் பாதி பணம் என்றால் மறுபாதி ஆள் கணிப்பு. யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம், யார் முகம் பார்த்துப் பேசவில்லை, யார் பாக்கியைக் கேட்டால் கோயிலுக்கு மாலை போட்டுக்கொள்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காகிதத்தை நம்பி அல்ல, ஆளை நம்பித்தான் அவர் இத்தனை வருஷம் நஷ்டமில்லாமல் ஓட்டியிருக்கிறார். ஆகவே ஜிஎஸ்டியை ஆடிட்டர் ஆபீஸ் தம்பியிடமும், கம்ப்யூட்டரை சிஸ்டம் தம்பியிடமும், டாலியைக் கணக்குப் பெண்ணிடமும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார். ‘யாரையும் நம்பாதே’ என்று அவரிடம் போய்ச் சொன்னால், வந்தவரைத்தான் முதலில் நம்பமாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. கோளாறு அவருடைய நம்பிக்கையில் இல்லை. எதிரே ஆள் நிற்கும்போது வேலை செய்கிற அந்தக் கணிப்பு, ஆள் தெரியாத இடத்திலும் வேலை செய்யும் என்று அவர் நினைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், சரக்கு லாரிக்கான இ-வே பில் போடும் தளத்துக்குள் நுழையச் சின்ன வியாபாரிக்கும் பாஸ்வேர்டோடு ஓடிபி கட்டாயம் ஆகிவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் பில் போடுவது ஆடிட்டர் ஆபீஸில், ஓடிபி வருவது முதலாளியின் சட்டைப் பையில். விளைவு, நாள் தவறாமல் ஒரு போன்: “அண்ணே, ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கண்ணே.” மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வாழைத்தார் ஏலம் கூறுகிற அதே குரலில் ஆறு எண்களையும் அறிவிப்பார். லோடுமேன், டீக்கடைப் பையன், பாக்கி கேட்க வந்தவர் எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆகும். எண் சில நிமிஷத்தில் செத்துவிடுகிறது என்பதால் அதில் பெரிய ஆபத்தில்லை. பழக்கம்தான் சாவதில்லை. உரிமையோடு ‘அண்ணே’ போட்டு யார் கேட்டாலும் ஆறு எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருடைய வாய்க்கு அரசுத் தளமும் ஆடிட்டர் ஆபீஸும் சேர்ந்து பயிற்சி கொடுத்துவிட்டன. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்கிற திருடன் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே ‘அண்ணே’ அவனுக்கும் போதும். “யாரிடமும் ஓடிபி சொல்லாதீர்கள்” என்று வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியை இவர் படிக்காமல் இல்லை. தினமும் சொன்னால்தான் லாரி நகர்கிறது, என்ன செய்வார்?

“எங்கிட்ட என்னங்க இருக்கு எடுக்க? பெரிய கம்பெனியை விட்டுட்டு இங்க எவன் வருவான்?” இது அவருடைய பிரதான வாதம். ஷட்டர் திருட்டுக்கு இது சரி. அவன் கடையைப் பார்த்துத்தான் வருவான். கம்ப்யூட்டர் திருட்டில் கடையை யாரும் பார்ப்பதே இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் நூற்றைம்பது நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டது. அது யாரையும் பெயர் சொல்லித் தேடவில்லை. புதுப்பிக்காத விண்டோஸ் எங்கே இருந்ததோ அங்கே தானாகவே பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 2016-இல் வந்த மிராய் என்ற வைரஸ் இன்னும் வேடிக்கை. கடை கடையாக மாட்டியிருக்கும் சிசிடிவி பெட்டிகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றமாட்டார்கள் என்ற ஒரே ஒரு தைரியத்தில், லட்சக்கணக்கான கருவிகளை அடியாட்களாகச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்காவில் பெரிய இணையத் தளங்களையே படுக்க வைத்தது. திருடனைப் பிடிக்க மாட்டிய கேமரா திருடனுக்குக் கூலி வேலை பார்த்திருக்கிறது! மாட்டிய அன்று இருந்த ‘அட்மின்’ பாஸ்வேர்டோடுதான் நம்மவர் கடைக் கேமராவும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது: “நம்ம தம்பி தப்புப் பண்ணமாட்டான்.” பண்ணமாட்டான், ஒத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தம்பியின் போனில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், செயலியை நிறுவும் ஒரு ஏபிகே கோப்பு வாட்ஸப்பில் வந்து இறங்கினால்? நம் ஊரில் அழைப்பிதழைத் திறக்காமல் விடுவது மரியாதைக் குறைவு. திறந்து நிறுவியதும் அவன் போனுக்கு வருகிற குறுஞ்செய்திகள், ஓடிபி உட்பட, வேறெங்கோ போகத் தொடங்கும். அவன் யோக்கியன்தான், அவன் போன் யோக்கியமாக இல்லை. பெரிய இடத்திலும் இதே கதைதான்: 2024 ஜூலையில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதன் சேவையை நம்பியிருந்த முந்நூறு வரையிலான சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றத்தை, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. அந்த வங்கிகள் செய்த பிழை எதுவும் இல்லை. சிஸ்டம் தம்பியும் கெட்டவன் இல்லை. காசு மிச்சம் என்று திருட்டு விண்டோஸ் போடும்போது, அதை ஓடவைக்க ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போகிறான், நல்ல எண்ணத்தோடு.

அப்படியானால் யாரையுமே நம்பக்கூடாதா என்று முதலாளி கோபப்படுவார். அதற்குப் பதில் அவருக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. கோயில் உண்டியலுக்கு ஒரு பூட்டு போட்டு ஒரே ஆளிடம் சாவியைக் கொடுப்பதில்லை. வேறு வேறு பூட்டு, வேறு வேறு ஆளிடம் சாவி, எல்லோரும் நிற்கும்போதுதான் திறப்பு. தர்மகர்த்தாவைத் திருடன் என்று சந்தேகிப்பதற்காக அல்ல, நாளைக்கு ஒருவரும் அவரைச் சந்தேகிக்காமல் இருப்பதற்காகத்தான். இ-வே பில் தளத்திலும் துணைப் பயனர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் தம்பிக்குத் தனிக் கணக்கு கொடுத்தால் ஓடிபி அவன் எண்ணுக்கே போகும். வேலையை விட்டு அவன் போன அன்று அந்தக் கணக்கை மூடிவிடலாம். டாலியிலும் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்கலாம்.

அறிவுரை சொல்கிறவர்கள் மீதும் பாதிப் பழி இருக்கிறது. மாதம் ஒரு முறை பாஸ்வேர்டை மாற்று, பெரிய எழுத்து போடு, குறியீடு போடு என்று படுத்தினால், ‘பழநி123’ அடுத்த மாதம் ‘பழநி124’ ஆகும், அவ்வளவுதான் பலன். இப்படிப்பட்ட விதிகளை 2003-இல் அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்த பில் பர் என்பவரே பின்னால் வருத்தப்பட்டார். 2017-இல் அந்த நாட்டின் தர நிறுவனமும் கட்டாய மாற்றம் வேண்டாம், நீளமாக இருக்கட்டும் என்று மாற்றி எழுதியது. எழுதி வைப்பதுகூடப் பாவமில்லை. நான்கு இடத்துக்கு நான்கு நீளமான பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டுவது, திரையில் ஒட்டிய ஒன்றைவிட எவ்வளவோ மேல். பூட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லையே. பேக்கப் எடுக்கிற பென்டிரைவும் அதே கல்லாவுக்குள்தான் இருக்க வேண்டும். இப்போது அது வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கிறது. வைரஸ் வந்தால் அசலோடு நகலும் போகும்.

முதலாளி, நாளைக்குக் கடை திறந்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பழைய ஆடிட்டர் ஆபீஸ் எண் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், தளத்திலேயே திருத்தலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மச்சினனைக் கூப்பிடுவதற்கு முன்னால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.